பேங்க் கடிதத்தைப் பிரிக்காமல் வைப்பது சோம்பலா, நோயா?

கேள்வி: பாம்பனிலிருந்து எழுதுகிறேன். என் கணவருக்கு 44 வயது. சொந்த விசைப்படகு வைத்துத் தொழில் செய்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய தம்பி இறந்ததிலிருந்து ஆளே மாறிவிட்டார். முதலில் கணக்கு நோட்டைத் தொடுவதை விட்டார். பிறகு நகைக்கடன் வட்டி நின்றது; பேங்க் கடிதங்கள் பிரிக்காமலே கிடக்கின்றன. போன வருடம் நல்ல வலையைப் பாதி விலைக்குக் கொடுத்தார். மீன் வியாபாரியிடம் மேலும் முன்பணம் வாங்கி, கேட்டவர்களுக்கெல்லாம் கைமாற்றாகக் கொடுத்துவிட்டார். இப்போது படகையே விற்கப்போவதாகச் சொல்கிறார். கடலுக்குப் போகாத நாளிலும் விடிகாலை மூன்று மணிக்கு விழித்து உட்கார்ந்திருக்கிறார். சாப்பாடு பாதியாகிவிட்டது. குடிப்பழக்கம் இல்லை. மாமியார் செய்வினை என்கிறார், என் அண்ணன் சோம்பேறித்தனம் என்கிறார். கணக்கு வழக்கை நான் வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது மனச்சோர்வு நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். ஆனால் சோம்பேறித்தனம் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடலாம். சோம்பேறிக்கு மூன்று மணிக்குத் தூக்கம் கலையாது.

மனச்சோர்வு என்றால் அழுகை, சோகம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பணத்தில் கைவைப்பதை யாரும் நோயோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. நம் கரையோரக் குடும்பங்களில் இதனால் வருகிற நஷ்டம் பெரியது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆரம்பத்தில் அடிபடுவது கவனமும் நினைவும். டீசல் செலவு, ஐஸ் செலவு, ஆட்களின் பங்கு எல்லாவற்றையும் மனக்கணக்காகப் போட்டவருக்கு, ஒரு கடிதத்தை முழுதாகப் படிப்பதே மலைப்பாகிவிடும். பிரித்தால் பயம், பிரிக்காமல் தள்ளி வைத்தால் அந்த நிமிடத்துக்கு நிம்மதி. அந்தச் சின்ன நிம்மதிக்கு மூளை பழகிவிடுகிறது, அடுத்த கடிதமும் பிரிக்கப்படாது. வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்.

மாதங்கள் போகப்போக நாளை என்பதன் மதிப்பே மனதில் குறைந்துவிடுகிறது. ஆறு மாதம் கழித்து வரப்போகிற பெரிய தொகையைவிட இன்று கையில் கிடைக்கிற சின்னத் தொகை பெரிதாகத் தெரியும். வலையைப் பாதி விலைக்குக் கொடுத்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். பேரம் பேச வேண்டுமென்றால் இன்னும் நல்ல விலை கிடைக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். அவரிடம் அந்த நம்பிக்கை வற்றிவிட்டது. கைமாற்று கொடுத்ததும் தாராள குணத்தால் மட்டும் இருக்காது. இந்த நோய் காரணமில்லாத குற்ற உணர்வைக் கொண்டுவரும். 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று உள்ளே நினைப்பவரால் கேட்டவரிடம் இல்லை என்று சொல்ல முடியாது. தம்பியைப் பறிகொடுத்தவருக்கு அந்த உணர்வு இன்னும் கனமாக இருக்கும்.

அதற்கப்புறம் வருவதுதான் 'எல்லாவற்றையும் விற்றுத் தொலைத்துவிடலாம்' என்ற கட்டம். இதில் லாப நஷ்டக் கணக்கே கிடையாது, பாரம் இறங்கினால் போதும் என்ற தவிப்புதான். இதுவரை பட்ட நஷ்டமெல்லாம் 'பார், நான் உருப்படாதவன்' என்பதற்குச் சாட்சியாகிறது. நோய் கடனைக் கூட்டுகிறது, கடன் நோயைக் கூட்டுகிறது. எல்லோருக்கும் இதே வரிசையில் வராது. ஆனால் உங்கள் கடிதத்தில் மூன்றுமே இருக்கின்றன.

ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். இடையில் எப்போதாவது ஒரு வாரம் போலத் தூக்கமே தேவைப்படாமல், ஓயாமல் பேசிக்கொண்டு, புதுப்படகு வாங்குகிறேன், கம்பெனி வைக்கிறேன் என்று பணத்தை வாரி இறைத்தாரா? அப்படியென்றால் அது இருதுருவ நோயாக, அதாவது மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருகிற நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. வெறும் மனச்சோர்வு மாத்திரை கொடுத்தால் நிலைமை மோசமாகக்கூடும். டாக்டரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

இப்போது அவசரமான விஷயம். 'நான் போய்விட்டால் உங்களுக்காவது கடன் தீரும்' என்ற மாதிரி எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? சொல்லாவிட்டாலும் நீங்களே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பலருக்குப் பேச வழிதான் கிடைக்கும். ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள், மாத்திரை, பூச்சிமருந்து எதுவும் கைக்கெட்டும் இடத்தில் வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணிலும் பேசலாம்.

மாமியார் ஏர்வாடி தர்காவுக்கோ கோயிலுக்கோ அழைத்துப் போக நினைத்தால் தடுக்காதீர்கள். வேண்டுதலும் மருந்தும் சேர்ந்தே நடக்கட்டும். 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத் தீயில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்ததை இந்த மாவட்டம் மறந்துவிடக் கூடாது. அதற்குப் பிறகு தர்காவிலேயே பிரார்த்தனையோடு மனநல மருத்துவமும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. மருந்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள் என்று மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரைக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். முதல் சில நாள் வயிற்றுப்புரட்டல் வரலாம். போதை மாத்திரை போல அடிமையாக்காது. ஆனால் தேறியதும் சட்டென்று நிறுத்தக் கூடாது. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டியிருக்கும். எப்படிக் குறைப்பது என்று டாக்டர் சொல்வார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கணக்கை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பறித்துக்கொள்ளாதீர்கள். "நீங்க தேறுற வரைக்கும் நான் பார்க்கிறேன்" என்று சொல்லி அவரைப் பக்கத்தில் உட்கார வைத்தே பாருங்கள். திரும்பப் பெற முடியாத எந்த முடிவும் இப்போது வேண்டாம்: படகு விற்பது, வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பது, யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போடுவது. தேறிய பிறகும் விற்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் அப்போது விற்கலாம், விலையாவது ஒழுங்காகக் கிடைக்கும்.

கடிதங்களை ஒரு நாளைக்கு ஒன்றாக, காலையில் வேண்டாம், மதியத்துக்கு மேல் பிரியுங்கள். இந்த நோயில் பலருக்குக் காலைதான் மோசமாக இருக்கும். முதலில் நகைக்கடன் கடிதத்தைத் தேடுங்கள். ஏலம் விடுமுன் பேங்க் நோட்டீஸ் அனுப்பும், அது அந்தக் கடிதக் கட்டுக்குள் இருக்கலாம். நேரில் போய் நிலைமையைச் சொன்னால் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்க வழியிருக்கிறதா என்று தெரியும். இதை அடைக்க மீட்டர் வட்டி என்கிற கந்துவட்டிக்குப் போகாதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், கந்துவட்டிக்கு எதிராக 2003-லிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது, போலீசில் புகார் கொடுக்கலாம். இனி உங்கள் கணவர் முன்பணம் கேட்டு வந்தால் உங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லும்படி வியாபாரியிடம் கேட்டு வையுங்கள்.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. வரவு இல்லாமல், எஞ்சின் வேலை, பெயின்ட் வேலை என்று செலவு மட்டும் வருகிற அந்த 61 நாளில்தான் இந்த மாதிரி அவசர முடிவுகள் அதிகம் நடக்கின்றன. மீன்வளத்துறை படகு ஆய்வும் அப்போதுதான். படகைக் காட்டாமல் விட்டால் மானிய டீசலுக்குச் சிக்கல் வரும். அந்தத் தேதியை நீங்கள் குறித்து வைத்துக்கொண்டு, நம்பிக்கையான ஒரு படகுக்காரரை அவரோடு அனுப்புங்கள். சிகிச்சையை அதுவரை தள்ளாமல் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள். அவர் வர மறுத்தால், முதல் முறை நீங்கள் மட்டும் போய் டாக்டரிடம் பேசலாம்.