மல்டிமீட்டர்ல பீப் வரலைன்னா ஒயர் நல்லாருக்குன்னு அர்த்தமா?

கேள்வி: மழை பெஞ்சா ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்கு கசிஞ்சா லைனை வெட்டுற சுவிட்ச்) ட்ரிப் ஆகுது, வெயில் அடிச்சா தானா சரியாயிடுது. மல்டிமீட்டரை கன்டினியூட்டில (ரெண்டு முனைக்கும் தொடர்பு இருந்தா பீப் அடிக்கிற மோடு) வச்சு பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல பாத்தேன், பீப் வரல. ஒயர்ல கோளாறு இல்லன்னு எடுத்துக்கலாமா?

பதில்: எடுத்துக்காதீங்க. பீப் சத்தம் வரணும்னா ரெண்டு முனைக்கும் நடுவுல ரெசிஸ்டன்ஸ் ரொம்ப கம்மியா இருக்கணும், நிறைய மீட்டர்ல 50 ஓம்ஸுக்குள்ள இருந்தாத்தான் பஸ்ஸர் அடிக்கும். ஆனா 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி ட்ரிப் ஆக அவ்ளோ பெரிய கோளாறெல்லாம் தேவையே இல்ல. 230 வோல்ட்டை 30 மில்லிஆம்பால வகுத்துப் பாருங்க, சுமார் 7,700 ஓம்ஸ் வரும், அந்த அளவு கசிவு இருந்தாலே அது விழுந்துடும், உங்க மீட்டர் மட்டும் சத்தமே போடாது. அதோட மீட்டர் குடுக்குறது ஒரு சில வோல்ட்தான், லேசா விரிசல் விட்ட இன்சுலேசன் அந்த வோல்ட்டுக்கு தாங்கிடும், 230-க்கு தாங்காது.

அதனால இதுக்கு மெக்கர்தான் வேணும், அதாவது அதிக வோல்ட் குடுத்து இன்சுலேசனை டெஸ்ட் பண்ற மீட்டர். 230 வோல்ட் லைனுக்கு 500 வோல்ட் டிசி ரேஞ்ச் வைங்க. முதல்ல மெயினை ஆஃப் பண்ணி கரண்ட் இல்லைங்கறத டெஸ்டர் வச்சு உறுதி பண்ணிக்குங்க, இன்வெர்ட்டர் இருந்தா அதையும் கழட்டிடணும், நிறைய பேர் மறக்குறது இதைத்தான், மெயின் ஆஃப்ல இருந்தாலும் அது லைனுக்கு கரண்ட் குடுத்துட்டே இருக்கும். அப்புறம் பிளக்ல இருக்குறது எல்லாத்தையும் எடுத்துடுங்க, எல்ஈடி லைட், ஃபேன் ரெகுலேட்டர், இண்டிகேட்டர், சர்ஜ் ப்ரொடெக்டர் எல்லாத்தையும் கழட்டுங்க, இல்லைன்னா 500 வோல்ட்ல அது போயிடும், இல்ல ரீடிங் தப்பா வரும். லைட் சுவிட்ச் எல்லாம் ஆன்ல இருக்கட்டும், அப்போதான் சுவிட்சுக்கு அந்தப் பக்கம் இருக்குற ஒயரும் டெஸ்ட்ல வரும்.

இப்போ நியூட்ரல் விஷயம், உங்க கேஸ்ல எனக்கு சந்தேகமே இதுலதான். எம்சிபியை (ஒவ்வொரு லைனுக்கும் போர்டுல இருக்குற ட்ரிப் சுவிட்ச்) ஒண்ணொண்ணா ஆஃப் பண்ணி எந்த லைன்னு தேடுவீங்க, ஆனா சிங்கிள் போல் எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் அப்படியே கனெக்ஷன்லதான் இருக்கும். நியூட்ரல் எங்கயாவது ஈரத்துல எர்த்தைத் தொட்டுக்கிட்டிருந்தா எம்சிபி ஆஃப்ல இருந்தும் ஆர்சிசிபி விழும், அதுவும் வேற லைன்ல லோடு ஓடும்போது. அதனால நியூட்ரல் ஒயரை எல்லாம் லிங்க்ல (போர்டுல நியூட்ரல் எல்லாம் சேர்ற பட்டை) இருந்து தனித்தனியா கழட்டி, ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த், பேஸ்-நியூட்ரல்னு மூணும் பாருங்க. 1 மெகாஓம் கூட இல்லைன்னா ஃபெயில், நல்ல ஒயர்ல நூத்துக்கணக்குல வரும். 2, 3-னு காட்டினா பாஸ்னு விட்றாதீங்க, மழை சமயத்துல திரும்ப பாருங்க, வெயில்ல டெஸ்ட் பண்ணினா இந்த மாதிரி கோளாறு ஒளிஞ்சுக்கும். பேஸ்-நியூட்ரல் மட்டும் கம்மியா வந்தா பெரும்பாலும் எதையோ கழட்ட மறந்திருப்பீங்க.

கோளாறான லைன் தெரிஞ்சுட்டா நடு ஜங்ஷன் பாக்ஸ்ல பிரிச்சு ரெண்டு பக்கமும் பாருங்க, பாதி பாதியா போனா சீக்கிரம் மாட்டும். வெளி லைட், மொட்டை மாடி, மோட்டார் லைன் இதுல இருந்து ஆரம்பிங்க. டெஸ்ட் ஓடும்போது அந்த லைன்ல யாரும் கை வைக்கக் கூடாது, முடிஞ்சதும் ஒயர்ல தேங்கின சார்ஜ் இறங்குற வரைக்கும் விட்டுட்டு தொடுங்க.

ஒயர் அறுபடாம இருக்கான்னு பாக்குற கன்டினியூட்டிக்கும் பீப்பை மட்டும் நம்பாதீங்க. பல இழைல ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்தாலும் பீப் வரும், லோடு போட்டா அந்த இடம் சூடாகும். ஓம்ஸ்ல வைங்க, ப்ரோப் ரெண்டையும் தொட வச்சு வர்ற ரீடிங்கை கழிச்சுக்குங்க. 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர் 20 மீட்டருக்கு கால் ஓம் கிட்டத்தான் வரணும். 2, 3 ஓம்ஸ் காட்டினாலோ ஒயரை ஆட்டும்போது நம்பர் குதிச்சாலோ ஜாயின்ட் லூஸ், அதைப் பிரிச்சு திரும்பப் போடுங்க.