தாத்தா ஓட்டுப் போட்ட தொகுதி: பழைய செம்பவாங்கைத் தேடுவது எப்படி?

கேள்வி: என் தாத்தா சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1957-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சான்றிதழில் முகவரி 'சோங் பாங் வில்லேஜ்' என்று இருக்கிறது. 1955 தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டதாக அப்பா சொல்கிறார். குடும்ப மலர் ஒன்று தயாரிக்கிறோம். அது எந்தத் தொகுதி, யார் பிரதிநிதி? இணையத்தில் தேடினால் நீ சூன் குழுத்தொகுதி என்று வருகிறதே?

பதில்: பெயரை வைத்துத் தேடியதால் வந்த வினை இது. ஊர்ப்பெயர் இடம் மாறும், தொகுதிப்பெயர் எல்லை மாறும். முதலில் நிலத்தை உறுதி செய்துகொள்ளுங்கள், தொகுதியை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

இன்று சோங் பாங் என்றால் எல்லாரும் ஈசூனில் உள்ள கடைவீதியைத்தான் காட்டுவார்கள். அது நீ சூன் குழுத்தொகுதியில், அதாவது பல உறுப்பினர்களை ஒரே அணியாகத் தேர்ந்தெடுக்கும் தொகுதியில் இருக்கிறது. பழைய சோங் பாங் கிராமமோ அதற்கு வடக்கே, கடற்படைத் தளத்தை ஒட்டி, இன்றைய செம்பவாங் பகுதியில் இருந்தது. கிராமத்தை அகற்றிய பின் பெயர் மட்டும் ஈசூனுக்குப் போய்விட்டது. இன்னொரு சிக்கலும் உண்டு. தொழிலதிபர் லிம் சோங் பாங் 1956-ல் இறந்த பிறகுதான் அந்தக் கிராமத்துக்கு அவர் பெயர் வந்தது. அதற்கு முன் அது வெஸ்ட்ஹில் வில்லேஜ். எனவே சான்றிதழில் சோங் பாங் என்று இருந்தாலும், 1955-ஆம் ஆண்டுக்கான பதிவுகளில் வெஸ்ட்ஹில் என்றே தேட வேண்டும். சான்றிதழில் உள்ளது 1957-ன் முகவரி என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டு ஆண்டுக்கு முன் அவர் தளத்துக்குள் இருந்த குடியிருப்பில்கூட இருந்திருக்கலாம். பள்ளிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் என்று 1955-ஐ ஒட்டிய வேறு தாள் இருந்தால் அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முகவரியில் ஊர்ப்பெயருக்குப் பதிலாக மைல்கணக்கு இருந்தால் அது இன்னும் நல்லது. அந்தக் காலத்துக் கிராம முகவரிகள் பல 'இத்தனையாவது மைல்' என்றுதான் இருக்கும். கணக்கு நகரத்திலிருந்து சாலை வழியே ஓடுவது. நேர்கோட்டில் அளந்தால் தப்பான இடத்தில் போய் நிற்பீர்கள். 1:25,000 அளவு வரைபடத்தில் ஒரு மைல் ஏறத்தாழ 6.4 சென்டிமீட்டர். ஒரு நூலைச் சாலையின் வளைவுக்கு ஏற்றபடி வைத்து, தெரிந்த ஒரு சந்திப்பிலிருந்து அளந்தால் போதும்.

இடம் கிடைத்துவிட்டால், அது எந்தெந்த ஆண்டில் எந்தத் தொகுதியில் இருந்தது என்று பார்க்கலாம்.

1948 மார்ச்சில் நடந்த முதல் தேர்தலில் லெஜிஸ்லேட்டிவ் கவுன்சிலுக்கு (அப்போதைய சட்டமியற்றும் அவை) ஆறே இடங்கள். நகராட்சிப் பகுதிக்கு நான்கு, கிராமப் பகுதிக்கு இரண்டு. 'ரூரல்' என்று பழைய தாளில் இருந்தால் பலரும் அதைத் தொகுதிப்பெயர் என்று நினைத்துவிடுகிறார்கள். நகராட்சி எல்லைக்கு வெளியே இருந்த ரூரல் போர்டின் (கிராமப்பகுதி நிர்வாக வாரியம்) ஆட்சிப்பகுதியைத்தான் பல இடங்களில் அந்தச் சொல் குறிக்கிறது. குப்பை, சாலை, கடை உரிமம் பற்றிய தாளில் 'ரூரல்' என்று இருந்தால் தேர்தலோடு அதற்குச் சம்பந்தம் இல்லை.

1951-ல் இடங்கள் ஒன்பதாயின. நகருக்கு வெளியே சாங்கி, புக்கிட் தீமா, சிலேத்தார் என்ற பெயர்களில் தொகுதிகள் வந்தன. வடக்குப் பகுதிக்குச் சிலேத்தாரில் முதலில் தேடுங்கள். அதில் வென்றவர் விலாசினி மேனன், சிங்கப்பூரில் தேர்தலில் வென்ற முதல் பெண்மணி. ஒரு எச்சரிக்கை: 'சிலேத்தார் நேவல் பேஸ்' என்று பழைய தாள்களில் வரும். அது சிலேத்தார் விமானத்தளம் அல்ல, செம்பவாங் கடற்படைத் தளமேதான்.

உங்கள் கேள்விக்கான ஆண்டு 1955. ஏப்ரல் 2, சனிக்கிழமை. தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் 25 ஆயின, செம்பவாங் தனித்தொகுதியாக (ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி) வந்தது. வென்றவர் அகமது இப்ராகிம், கடற்படைத் தளத் தொழிலாளர் சங்கத்துக்காரர். அந்தச் சங்கத்தின் செயலாளராக இருந்தவர் சந்திரசேகரம் உட்ஹல். தாத்தா சங்க உறுப்பினராக இருந்திருந்தால் இந்த இரண்டு பெயர்களையும் வீட்டில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அகமது இப்ராகிமை ஓர் இடத்தில் சுயேச்சை என்றும் வேறிடத்தில் மக்கள் செயல் கட்சி (மசெக) என்றும் பார்த்துக் குழம்ப வேண்டாம். 1955-ல் அவர் மசெக ஆதரவுடன் சுயேச்சையாக நின்றார், 1959-ல் மசெக வேட்பாளராக அதே தொகுதியில் வென்று அமைச்சரானார். மலரில் 'நாடாளுமன்ற உறுப்பினர்' என்று போட்டுவிடாதீர்கள். அது அப்போது லெஜிஸ்லேட்டிவ் அசெம்பிளி, 1965-ல்தான் நாடாளுமன்றம் ஆனது. 'சட்டமன்ற உறுப்பினர்' என்று போடுங்கள்.

இனி, தாத்தா உண்மையிலேயே ஓட்டுப் போட்டாரா என்ற கேள்வி. இதில் அப்பாவின் நினைவைக் கொஞ்சம் சோதித்துப் பார்ப்பது நல்லது. 1948-ல் பிரிட்டிஷ் குடிமக்கள் மட்டுமே வாக்காளர்கள், அதுவும் தாமாகப் போய்ப் பதிந்தவர்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்த தமிழருக்கு அந்தத் தகுதி இருந்தது. புதுக்கோட்டை, திருவிதாங்கூர் போன்ற சமஸ்தானங்களில் பிறந்தவரின் சட்டநிலை வேறு. ஆகவே பிறந்த ஊர் முக்கியம். 1955-ல் பதிவு தானாகவே நடந்தது, பட்டியல் சுமார் 3 லட்சம் பேராகப் பெருகியது. ஆனால் ஓட்டுப் போடுவது கட்டாயமில்லை, வந்தவர்கள் ஏறக்குறைய பாதிப்பேர்தான். பட்டியலில் பெயர் இருந்தால் ஓட்டுரிமை இருந்தது என்று மட்டுமே எழுதலாம். 1959 மே 30 தேர்தலில்தான் வாக்களிப்பு கட்டாயமானது. அப்பா சொல்வது அந்தத் தேர்தலாகவும் இருக்கலாம். '1962-ல் போட்டார்' என்று யாராவது சொன்னால் அது மலாயாவுடனான இணைப்பு பற்றி செப்டம்பர் 1-ல் நடந்த பொதுவாக்கெடுப்பு. அதற்குச் சில நாள் முன்பு, ஆகஸ்ட் 21-ல், அகமது இப்ராகிம் பதவியில் இருந்தபோதே காலமானார். அந்த இடத்துக்கு இடைத்தேர்தல் வைக்கவில்லை. ஆளுங்கட்சியின் பெரும்பான்மை இழுபறியாக இருந்த நேரம் அது. 1963 செப்டம்பர் 21 பொதுத்தேர்தல் வரை செம்பவாங்குக்குப் பிரதிநிதியே கிடையாது.

எல்லையைத் துல்லியமாகக் காட்ட வேண்டுமானால் அரசிதழ்தான் ஆதாரம். செய்தித்தாளில் வந்த படங்கள் கையால் வரைந்தவை, நம்ப முடியாது. விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகக் கட்டடத்தில் உள்ள லீ கோங் சியான் மேற்கோள் நூலகத்தில், தொகுதி எல்லை அறிவிப்பு வந்த அரசிதழைக் கேளுங்கள். 1955-க்கு ஒன்று, 1959-க்கு ஒன்று என இரண்டையும் பார்க்க வேண்டும். ஏனென்றால் 1959-ல் இடங்கள் 51 ஆனபோது நீ சூன் தனித்தொகுதியாக வந்தது, வடக்கு மறுபடியும் வெட்டப்பட்டது. எல்லை விவரத்தை வாசகமாக, ஆறு, சாலை, மண்பாதை என்று சொல்லிக்கொண்டே போவார்கள். அந்தந்த ஆண்டுக்கு அருகில் வெளியான வரைபடத்தில் டிரேசிங் தாளை வைத்துக் கோடு இழுங்கள். இன்றைய வரைபடத்தில் இழுத்தால் கோடு நீர்த்தேக்கத்துக்குள் போய் முடியும். சுங்கை சிலேத்தாரும் சுங்கை கிராஞ்சியும் பிற்பாடு அணை கட்டி நீர்த்தேக்கங்களானவை. பழைய வரைபடங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் கிடைக்கும்.

முடிவுகளுக்குத் தேர்தல் துறையின் இணையதளமும், பழைய செய்தித்தாள்கள் உள்ள, நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளமும் உண்டு. வாக்கு எண்ணிக்கை இரவு நீளும் என்பதால் தேர்தல் நாளுக்கு அடுத்த இரண்டு மூன்று நாள் இதழ்களையும் சேர்த்துப் புரட்டுங்கள். பழைய தமிழ் முரசில் சொல்லைத் தட்டித் தேடுவதை மட்டும் நம்பாதீர்கள். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கொம்பு வைத்த 'லை', 'னை' எழுத்துகளைக் கணினி சரியாகப் படிப்பதில்லை. ஊர்ப்பெயரையும் செம்பவாங், சம்பவாங் என்று ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். தேதியைப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் பார்ப்பதே வேகம்.

மலரில் வரைபடம் போடும்போது ஆண்டைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். தனித்தொகுதியாக இருந்த செம்பவாங் 1988-ல் குழுத்தொகுதிக்குள் போய்விட்டது. 2025-ல் செம்பவாங் வெஸ்ட் என்று ஒரு தனித்தொகுதி வந்திருக்கிறது. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் தாத்தாவின் தொகுதிக்கும் இதற்கும் எல்லை வேறு.