சர்ச்சிலின் எண்ணெய்க் கணக்கு

அன்புள்ள ஐயா,

எரிபொருள் மாற்றம் பற்றிய கட்டுரையில் சர்ச்சிலைச் சற்று இளக்காரமாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். காலடியில் வேல்ஸ் நிலக்கரி குவிந்து கிடக்க, எங்கோ பாரசீகத்து (இன்றைய ஈரான்) எண்ணெயை நம்பி பிரிட்டிஷ் கடற்படையையே மாற்றியது துணிச்சல் அல்லவா? இன்னொன்று, முதல் உலகப் போரில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையில் சுட்டதும் எண்ணெய்த் தொட்டிகளைத்தானே. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

ச., தூத்துக்குடி

அன்புள்ள ச.,

துணிச்சல்தான். யார் வீட்டுப் பணத்தில் துணிந்தார் என்பதில்தான் எனக்கு வழக்கு.

1911 அக்டோபரில் அவர் கடற்படை அமைச்சரானபோதே நாசகாரிக் கப்பல்கள் பல எண்ணெயில் ஓடிக்கொண்டிருந்தன. தளபதி ஃபிஷர் பல ஆண்டுகளாக அதையே ஜெபித்துவந்தார். சர்ச்சில் துணிந்தது பெரிய போர்க்கப்பல்களில். குயின் எலிசபெத் வகைக் கப்பல்கள் ஐந்தும் முழுக்க எண்ணெயில் ஓடின.

அந்த முடிவில் பிழையில்லை. கரி ஏற்றும் நாளை நினைத்துப் பாருங்கள். கரிக்கப்பல் பக்கத்தில் வந்து நின்றதும் மாலுமி, அதிகாரி என்ற பேதமின்றி எல்லோரும் இறங்க வேண்டும். மூட்டை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 கிலோ. தூசு படியாத இடம் இருக்காது. ஏற்றி முடித்தபின் கப்பலைக் கழுவுவது தனி வேலை. நடுக்கடலிலும் ஓய்வில்லை. தூரத்துக் கரி அறைகளிலிருந்து உலை வாய்க்கு அள்ளிக் கொண்டுவர ஒரு பட்டாளம், உலையில் வாரிப் போட இன்னொரு பட்டாளம். எண்ணெய்க்கு ஒரு குழாயும் வால்வும் போதும்.

ஆனால் கரிக்கட்சிக்காரர்களும் முட்டாள்கள் அல்லர். 1917-இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடித்தபோது, எண்ணெயை மிச்சப்படுத்த பெரிய கப்பல்களின் வேகத்தையே குறைக்க வேண்டிவந்தது. அந்தப் போரில் நேச நாடுகளுக்குப் பெரும்பகுதி எண்ணெய் தந்தது பாரசீகம் அல்ல, அமெரிக்கா.

இனி வழக்குக்கு வருகிறேன். 1914 ஜூன் 17 அன்று நாடாளுமன்றம் 254-க்கு 18 என்ற வாக்கில் ஒப்புதல் தந்தது. 22 லட்சம் பவுண்டுக்கு ஆங்கிலோ-பாரசீக எண்ணெய் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கு பிரிட்டிஷ் அரசின் கைக்கு வந்தது. கூடவே கடற்படைக்குச் சலுகை விலையில் எண்ணெய் தர ஓர் இரகசிய ஒப்பந்தம். எண்ணெய் எடுக்க 1901-இல் தந்த உரிமத்தின்படி பாரசீகத்துக்குக் கிடைத்ததோ நிகர லாபத்தில் 16 சதவீதம். முதலாளியே வாடிக்கையாளராகி விலையைக் குறைத்துக்கொண்டால் லாபம் சுருங்கும். நிலத்துக்காரரான பாரசீகத்தின் 16 சதவீதமும் சேர்ந்து சுருங்கும். முதலாளிக்கு நட்டமில்லை, இந்தப் பையில் குறைந்தது அந்தப் பையில் இருக்கிறது. 1951-இல் ஈரான் பிரதமர் மொசாதெக் அந்தத் தொழிலை நாட்டுடைமையாக்கியதை நன்றிகெட்ட செயல் என்று லண்டன் பத்திரிகைகளின் குரலில் பேசுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

எம்டன்: 1914 செப்டம்பர் 22 இரவு எரிந்தவை பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகள். உள்ளே இருந்தது பெரும்பாலும் விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய், போர்க்கப்பலுக்கானது அல்ல. ஆனாலும் நீங்கள் கேட்ட தொடர்பு உண்டு. 1908-இல் பாரசீகத்தில் எண்ணெய் பீறிடும்வரை துளையிடப் பணம் போட்டது இதே பர்மா நிறுவனம்தான். சுட்ட எம்டனோ கரியில் ஓடிய கப்பல். சில நாளில் அது மடக்கிப் பிடித்த ப்யூரெஸ்க் என்ற கப்பல் நிறைய நல்ல வேல்ஸ் நிலக்கரி இருந்தது, பிரிட்டிஷ் கடற்படைக்காகப் போய்க்கொண்டிருந்த சரக்கு.