மதிப்பீட்டாளர் எழுதிய தாளைப் பத்திரப்படுத்துங்கள்

பெங்களூரு அல்சூர் கௌதமபுரத்திலிருந்து எழுதிய தாய்க்கு வணக்கம்.

பி.காம். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டே உள்ளூர்க் கால்பந்துப் போட்டிகளில் ரெஃப்ரியாக நிற்கும் உங்கள் மகள், ரெஃப்ரியின் பணியைக் கவனித்துக் குறிப்பு எழுதும் மதிப்பீட்டாளர் சென்ற ஞாயிறு எழுதிக் கொடுத்த குறைகளைப் படித்துவிட்டு இரவெல்லாம் அழுததாகவும், பெண்பிள்ளைக்கு இந்தப் பேச்செல்லாம் எதற்கு என்று அவளை நிறுத்திவிட எண்ணுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்த வேண்டாம்.

மைதானத்தில் அவள் காதில் இரண்டு வகைப் பேச்சு விழுகிறது. கோட்டுக்கு வெளியே நின்று கத்துபவர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. அணியினரே இழிவாகப் பேசினால் அதை ஆட்ட அறிக்கையில் எழுதுவது அவளுடைய கடமை. மதிப்பீட்டாளரின் தாள் வேறு வகை. நீங்கள் அனுப்பிய படியை நிதானமாக வாசித்தேன். பெனால்டி கொடுத்த நேரத்தில் அவள் ஆட்டக்காரர்களுக்கு நேர் பின்னால் நின்றதால் இருவரின் கால்களுக்கும் இடையிலான இடைவெளி தெரிந்திருக்காது என்றும், இடப்பக்கம் சில அடி நகர்ந்திருந்தால் தெளிவாகப் பார்த்திருக்கலாம் என்றும் அவர் எழுதியிருக்கிறார். எந்தக் கட்டத்தில், எங்கே நின்று, என்ன தவறிற்று என்பதோடு திருத்தும் வழியையும் சொல்லும் இத்தகைய குறிப்பு கிடைப்பது அரிது. அடுத்த ஆட்டத்திலேயே அவள் அதைச் செய்து பார்க்கலாம். ஆனால் ‘முடிவெடுப்பதில் தடுமாற்றம்’ என்ற கடைசி வரி அவளுக்கு எதையும் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எந்த முடிவு என்று அவரிடமே பணிவாகக் கேட்கட்டும். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

பெரிய நடுவர்களுக்கும் கண் தவறுகிறது. 2019 மார்ச்சில் நம் சின்னசாமி மைதானத்தில் நடந்த ஐபிஎல் ஆட்டத்தின் கடைசிப் பந்து நோபால் என்பதை நடுவர் கவனிக்கவில்லை. அன்றைய கோபம் உங்கள் தெருவிலும் கேட்டிருக்கும். 2020 போட்டியிலிருந்து, பந்துவீச்சாளரின் முன்கால் கோட்டைத் தாண்டுவதால் வரும் நோபாலைப் பார்க்கும் பொறுப்பு மூன்றாவது நடுவரிடம் சென்றது. நடுவரைத் திட்டியதோடு பேச்சு முடிந்திருந்தால் அந்த ஏற்பாடு வந்திருக்காது என்றே நான் கருதுகிறேன். கால்பந்து விதியிலும், ஆட்டம் மீண்டும் தொடங்குவதற்குள் தவறை உணர்ந்தால் ரெஃப்ரி தன் முடிவை மாற்றிக்கொள்ளலாம்.

வருமானத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உள்ளூர் ஆட்டங்களின் ஊதியத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. ஆகவே பட்டப்படிப்பை அவள் கட்டாயம் முடிக்க வேண்டும். ஃபிஃபாவின் சர்வதேசப் பட்டியலில் இடம்பெற ரெஃப்ரிக்குக் குறைந்தது 25 வயதும் துணை ரெஃப்ரிக்கு 23 வயதும் ஆகியிருக்க வேண்டும் என்பதால், படிப்புக்கும் பயிற்சிக்கும் அவளிடம் காலம் இருக்கிறது. திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி அந்தப் பட்டியல்வரை சென்றவர்.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும், மதிப்பீட்டாளர் பேசுவதற்கு முன்பே, தனக்குச் சந்தேகமாகத் தோன்றிய இரண்டு முடிவுகளை அவள் ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். அவர் சொல்வதை எதிர்ப்பக்கத்தில் எழுதட்டும். நான்கு ஆட்டங்களுக்குப் பிறகு அந்தக் குறிப்பேட்டோடு இருவரும் என்னை வந்து பாருங்கள். அதற்குள் ஒரு ஞாயிறாவது நீங்களும் மைதானத்துக்குப் போய், அவள் எங்கே நிற்கிறாள் என்று கவனித்துவிட்டு வாருங்கள்.