வெளியிலிருந்து வீட்டுக் கணினிக்கு இணைப்பு வரவில்லையா? – கேள்வி பதில்

நெட் நன்றாக ஓடுகிறது, யூட்யூப் வருகிறது, ஆனால் வெளியிலிருந்து யாராலும் வீட்டுக் கணினிக்குள் நுழைய முடியவில்லை. கேம் சர்வர், கேமரா, ரிமோட் டெஸ்க்டாப் என்று எதை வைத்திருந்தாலும் சிக்கல் பெரும்பாலும் ஒன்றுதான்: வெளியிலிருந்து வரும் தொடர்பு வழியில் எங்கோ நின்றுவிடுகிறது.

கேள்வி: அண்ணா, வீட்டுக் கம்ப்யூட்டரில் மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் போட்டிருக்கிறேன். ரூட்டரில் 25565 போர்ட்டை (சர்வருக்கான வாசல் எண்) ஃபார்வர்ட் செய்தாச்சு, அதாவது அதில் வருவதை என் கணினிக்கு அனுப்பச் சொல்லியாச்சு. வீட்டு வைஃபையில் தம்பி சேர்ந்துவிடுகிறான், வெளியில் இருக்கும் நண்பர்களால் முடியவில்லை. ஃபயர்வாலை அணைத்தும் பார்த்துவிட்டேன்.

பதில்: முதலில் ஃபயர்வாலைத் திரும்பப் போடுங்கள். போட்ட பிறகும் தம்பியால் சேர முடிந்தால், சர்வர் மேலும் கணினி மேலும் பெரும்பாலும் குற்றம் இல்லை. சிக்கல் ரூட்டரிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது.

ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறங்கள் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1). ஸ்டேட்டஸ் பகுதியில் ‘வேன்’ (WAN, ரூட்டரின் வெளிப்பக்கம்) என்ற தலைப்பின் கீழ் ஓர் ஐபி முகவரி இருக்கும். குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே கணினியில், ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து, அது காட்டும் ஐபிவி4 எண்ணோடு (புள்ளியிட்ட நான்கு எண்கள்) ஒப்பிடுங்கள். விபிஎன் ஓடினால் அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

இரண்டும் ஒன்று என்றால் உங்களுக்குப் பொது முகவரி இருக்கிறது. பெரும்பாலும் ஃபார்வர்டிங் விதியில்தான் பிழை. வேறுவேறு என்றால், விதியை எத்தனை முறை மாற்றி எழுதினாலும் பலன் இல்லை. இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் செட்டிங்ஸில் கைவைப்பது வீண் வேலை.

கேள்வி: ஒப்பிட்டேன் அண்ணா. ரூட்டரில் 100.72 என்று தொடங்குகிறது. தளத்தில் வேறு எண். இப்போது?

பதில்: 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி என்றால் சந்தேகமே வேண்டாம், அது சிஜிநாட், அதாவது பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் முறை. 2012-இல் இதற்காகவே ஒதுக்கிய எண்கள் இவை. ஐபிவி4 முகவரிகள் தட்டுப்பாடு. ஆசிய பசிபிக் பகுதிக்கான பதிவகமான ஏப்னிக்கில் 2011 ஏப்ரலிலேயே கையிருப்பு கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதனால் இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. உங்கள் வீட்டிலிருந்து கிளம்பும் தொடர்பு எது என்பது அவர்களுடைய கருவிக்குத் தெரியும், அதனால் பதில் சரியாக உங்களிடம் வந்துவிடும். வெளியிலிருந்து புதிதாக ஒரு தொடர்பு வந்தால், அது எந்த வீட்டுக்கு என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. அங்கேயே விழுந்துவிடும். உங்கள் ரூட்டர் வரைக்கும் அது வருவதே இல்லை.

வழிகள் உண்டு. நேரானது, நிறுவனத்திடம் பொது ஐபி கேட்பது. ‘நெட் ஸ்லோ’ என்று புகார் கொடுத்தால் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். ‘சிஜிநாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள், பொது ஐபிவி4 வேண்டும்’ என்றே கேளுங்கள். ஸ்டாட்டிக் ஐபி (மாறாத முகவரி) என்றால் பொதுவாகத் தனிக் கட்டணம். நண்பர்கள் நாலு பேருக்காக மட்டும் என்றால் அந்தச் செலவு தேவையில்லை என்பேன். டெயில்ஸ்கேல் போன்ற தனி நெட்வொர்க் மென்பொருள் ஒன்றை எல்லோர் கணினியிலும் போட்டால், இரு பக்கமும் உள்ளிருந்து வெளியே தொடர்பைத் தொடங்கும்; சிஜிநாட் குறுக்கே நிற்காது, போர்ட்டும் திறக்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு ரூட்டரின் வேன் ஐபி 192.168.1.5 என்று காட்டுகிறது சார். இதுவும் சிஜிநாட்டா?

பதில்: உங்கள் வீட்டிலேயே இரண்டு ரூட்டர் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஃபைபர் கம்பி வந்து சேரும் ஓஎன்டி பெட்டியே ஒரு ரூட்டர்; அதன் பின்னால் நீங்கள் வாங்கிய ரூட்டர் இன்னொன்று. வெளியிலிருந்து வருவது முதல் பெட்டியிலேயே நின்றுவிடுகிறது.

எளிய தீர்வு, உங்கள் ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு (வைஃபை மட்டும் தரும் முறை) மாற்றிவிட்டு, ஃபார்வர்டிங்கை ஓஎன்டியில் செய்வது. ஓஎன்டியை பிரிட்ஜ் முறைக்கு (ரூட்டர் வேலை செய்யாமல் இணைப்பை அப்படியே கடத்தும் முறை) மாற்றுவது இன்னும் சுத்தம். ஆனால் அதற்கு முன் பிபிபிஓஇ (நிறுவனத்தின் நெட்டில் லாகின் செய்யும் முறை) பயனர் பெயர், கடவுச்சொல், விலேன் எண் மூன்றையும் நிறுவனத்திடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நெட் மொத்தமாக நின்றுவிடும், கேட்டு வாங்க ஃபோன் டேட்டாவைத்தான் நம்ப வேண்டியிருக்கும். எதைச் செய்தாலும், கடைசியில் ஓஎன்டியின் வேன் முகவரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கும் மேலே சிஜிநாட் இருக்கலாம்.

கேள்வி: பொது ஐபி இருக்கிறது, எல்லாம் ஒழுங்காக ஓடியது. கரண்ட் போய் வந்த பிறகு வேலை செய்யவில்லை. எதையும் மாற்றவில்லை.

பதில்: நீங்கள் மாற்றவில்லை, ரூட்டர் மாற்றியிருக்கும். ஃபார்வர்டிங் விதி 192.168.1.10-ஐக் காட்டும், கணினிக்கு இப்போது 192.168.1.14 கிடைத்திருக்கும். ரூட்டரின் டிஹெச்சிபி பகுதியில் (கணினிகளுக்கு ஐபி பங்கிடும் இடம்) கணினியின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கருவியின் அடையாள எண்) ஓர் ஐபியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். வைஃபைக்கு ஒரு மேக், கேபிளுக்கு வேறு மேக். எதில் இணைக்கிறீர்களோ அதைக் கொடுங்கள். விண்டோஸில் ‘ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்’ ஆனில் இருந்தால் ஆஃப் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒதுக்கியது நிலைக்காது. வெளி முகவரியும் மாறியிருக்கலாம். அதற்கு டைனமிக் டிஎன்எஸ், அதாவது மாறும் ஐபியை ஒரு நிலையான பெயரோடு இணைக்கும் சேவை.

கேள்வி: என் பொது ஐபியை என் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே அடித்தால் திறக்கவில்லை. ஆனால் அக்கா வீட்டிலிருந்து திறக்கிறது என்கிறார்கள்!

பதில்: திறக்கிறது என்றால் எல்லாம் சரிதான். உள்ளிருந்து போய் வெளி முகவரி வழியாக உள்ளேயே திரும்புவதை உங்கள் ரூட்டர் அனுமதிக்கவில்லை. வெளிச் சோதனையை எப்போதும் ஃபோனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் செய்யுங்கள்.

கேள்வி: பொது ஐபி, விதி, ஒதுக்கீடு எல்லாம் சரி. வீட்டில் வேறு லேப்டாப்பிலிருந்தும் திறக்கவில்லை. விண்டோஸ் 11.

பதில்: அப்படியானால் கணினிக்குள்தான். ஸ்டார்ட்டில் ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ என்று தேடித் திறந்து, நெட்வொர்க் தாவலில் அடியில் இருக்கும் ‘லிசனிங் போர்ட்ஸ்’ பட்டியலை விரியுங்கள். உங்கள் புரோகிராமின் வரியில் மூன்றைப் பாருங்கள்.

போர்ட் எண்ணே அங்கு இல்லை என்றால் புரோகிராம் ஓடவில்லை, அல்லது வேறு போர்ட்டில் ஓடுகிறது. முகவரிப் பத்தியில் ‘லூப்பேக்’ என்று இருந்தால், அது அதே கணினியிலிருந்து வருவதை மட்டும் ஏற்கிறது. புரோகிராமின் அமைப்பில் 127.0.0.1 என்று இருப்பதை 0.0.0.0 ஆக்குங்கள். கடைசிப் பத்தி ஃபயர்வால் நிலை. ‘நாட் அலவ்டு’ என்றால் இரண்டு காரணம் பார்க்கலாம். ஒன்று, புதிய ரூட்டர் மாற்றியதும் விண்டோஸ் இணைப்பைப் ‘பப்ளிக்’ என்று குறித்திருக்கும். இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸில் ‘பிரைவேட்’ ஆக்குங்கள். மற்றது பலரும் தவறவிடுவது: முதல்முறை வந்த ஃபயர்வால் கேள்விக்கு கேன்சல் அழுத்தியிருந்தால், அந்தப் புரோகிராமுக்குத் தடை விதி எழுதப்பட்டிருக்கும். தடை விதி இருக்கும்வரை நீங்கள் சேர்க்கும் அனுமதி விதி செல்லாது. ‘இன்பவுண்ட் ரூல்ஸ்’ பட்டியலில் சிவப்புக் குறியோடு இருப்பதைத் தேடி நீக்குங்கள்.

கேள்வி: வயர்கார்டுக்கு (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வர உதவும் விபிஎன்) 51820 திறந்தேன். போர்ட் சோதிக்கும் தளம் ‘மூடியிருக்கிறது’ என்றே சொல்கிறது.

பதில்: அந்தத் தளங்கள் பெரும்பாலும் டிசிபி என்ற தொடர்பு முறையைத்தான் சோதிக்கின்றன, வயர்கார்டு பயன்படுத்துவது யூடிபி என்ற வேறு முறை. போதாக்குறைக்கு, சரியான சாவி இல்லாதவருக்கு வயர்கார்டு பதிலே தராது. மொபைல் டேட்டாவில் உண்மையாக இணைத்து, ‘ஹேண்ட்ஷேக்’ (இரு பக்கமும் கைகுலுக்கிய) நேரம் தெரிகிறதா என்று பாருங்கள். ரூட்டர் விதியில் யூடிபி தேர்ந்திருக்கிறதா என்பதையும்.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு, கணினியை ரூட்டரின் டிஎம்இசட்டில் (வெளியிலிருந்து வருவதையெல்லாம் ஒரே கணினிக்கு அனுப்பும் அமைப்பு) போட்டுவிட்டால்?

பதில்: எல்லாப் போர்ட்டும் ஊருக்கே திறந்துவிடும். வேண்டாம்.

கேள்வி: ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389 மட்டும் திறந்தால் பாதுகாப்புதானே? வேண்டுமானால் எண்ணை மாற்றிவிடுகிறேன்.

பதில்: முதலில் உங்கள் விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். ஹோம் பதிப்பு உள்வரும் ரிமோட் டெஸ்க்டாப்பை ஏற்காது, ப்ரோ வேண்டும். ப்ரோ இருந்தாலும் இந்தப் போர்ட்டை நேராகத் திறக்காதீர்கள். கடவுச்சொல்லை மாற்றி மாற்றி அடித்துப் பார்க்கும் தானியங்கிகள் இதைத் தேடிக்கொண்டே இருக்கின்றன. எண்ணை மாற்றினாலும் எல்லா எண்ணையும் தட்டிப்பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். வயர்கார்டு வழியாக வீட்டுக்குள் வந்து, அதன் பிறகு உள் முகவரியில் இணையுங்கள். கணினி தூக்கத்துக்குப் போகாதபடி பவர் செட்டிங்கையும் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.