குப்பையில் போட்ட பெட்டி உங்களுடையது, அதற்குள் இருந்த பவுன்?

கீழக்கரையில் காயலான் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பழைய வீடு ஒன்றை இடிக்கும் முன் காலி செய்தார்களாம். வீட்டுக்காரரின் மகன் "எல்லாம் குப்பைதான், அள்ளிட்டுப் போங்க" என்று சொல்ல, தெருவில் கொட்டிக் கிடந்ததை இவர் லோடு ஆட்டோவில் ஏற்றி வந்துவிட்டார். பீங்கான் தட்டுகள், பித்தளைப் பூட்டு, ஒரு டப்பா நிறைய செப்புக்காசு, பர்மா தேக்குப் பெட்டி ஒன்று, அலமாரியில் அழகுக்கு வைத்திருந்த பவளப்பாறைத் துண்டு ஒன்று. பெட்டியைக் கழுவி வெயிலில் வைத்தபோது அடிப்பலகை நெளிந்து எழும்பியிருக்கிறது; அதற்குக் கீழே இன்னொரு பலகை, நடுவில் துணியில் சுற்றிய ஏழு பவுன் காசும் ஒரு கிரயப் பத்திரமும். விஷயம் கசிந்துவிட்டது. திருட்டுக் கேஸ் கொடுப்பேன் என்கிறார் மகன். குப்பையில் எடுத்தது எனக்குத்தானே சொந்தம் என்று கேட்கிறார் இவர்.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். இது திருட்டு இல்லை. திருட்டென்றால் ஒருவர் வசமிருக்கும் பொருளை அவர் சம்மதமில்லாமல் எடுக்க வேண்டும். இங்கே அவரே வாய்விட்டு எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறார். பெட்டி, பூட்டு, தட்டு, கண்ணுக்குத் தெரிந்த செப்புக்காசு எல்லாம் உங்களுடையவை. அந்தத் தட்டு சீனத்துப் பழசு, நல்ல விலை போகும் என்று பிறகு தெரிந்துகொண்டு திருப்பிக் கேட்டால் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பவுன் வேறு கதை. இருப்பதே தெரியாத பொருளை யாரும் வேண்டாம் என்று வீச முடியாது, அதனால் அதன் மேல் அந்தக் குடும்பத்துக்கு இருந்த உரிமை அப்படியே இருக்கிறது. யாருடையது என்று தெரியாமல் நீங்கள் வைத்திருந்தவரை குற்றமில்லை, ஆனால் இப்போது தெரிந்துவிட்டது. இனி விற்றாலோ உருக்கினாலோ, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பிறர் பொருளை நேர்மையில்லாமல் தனதாக்கிக்கொள்வதற்கான 314-ம் பிரிவு வந்து நிற்கும், அதில் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 2 வருடம் சிறை, அபராதமும் உண்டு. எனவே உருக்கித் தருகிறேன் என்று சொல்லும் நகைக்கடைக்காரர் பக்கமே போகாதீர்கள்.

புதையல் சட்டத்தில் முக்கால் பங்கு கிடைக்குமாமே என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1878-ம் வருடத்துப் புதையல் சட்டம் மண்ணிலோ, மண்ணோடு நிலையாகச் சேர்ந்த ஒன்றிலோ மறைந்திருப்பதைத்தான் புதையல் என்கிறது. இதே பவுன் அந்த வீட்டுச் சுவருக்குள்ளோ தரைக்கடியிலோ இருந்து, இடிக்கும்போது கிடைத்திருந்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவித்தே ஆக வேண்டும், பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானம் இருந்தாலே போதும், மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. உரிமை கோர முன்னோர் வழி யாரும் இல்லாமல், இடத்துக்காரரோடு வேறு ஒப்பந்தமும் இல்லாவிட்டால் முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு இடத்துக்காரருக்கு. பழைய துறைமுகங்கள் இருந்த அழகன்குளம், பெரியபட்டினம் பக்கம் குழி தோண்டும்போது பானை ஓடோ காசோ கிடைத்தால் இதை நினைவில் வையுங்கள். தூக்கி வைக்கக்கூடிய தேக்குப் பெட்டிக்கு இது பொருந்தாது.

சரி, யாரிடம் கொடுப்பது? சத்தம் போடுகிற மகனிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கீழக்கரையில் பல குடும்பங்களில் வீடே பெண்மக்கள் பேரில்தான் இருக்கும், சொத்திலும் மகள்களுக்குப் பங்கு உண்டு, நாளைக்கு ஒரு சகோதரி வந்து "எங்க உம்மா பவுன் எங்கே?" என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. ஒவ்வொரு காசையும் இரு பக்கமும் போட்டோ எடுத்து, எடை போட்டு, வாரிசுகள் எல்லோரும் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். அவர்களுக்குள் தகராறு என்றால் வக்கீல் வைத்து நீதிமன்றத்தில் ஒப்படைத்து ஒதுங்கிக்கொள்ளலாம். கண்டெடுத்தவர் என்ற முறையில், பொருளைப் பாதுகாக்க ஆன நியாயமான செலவைத் தரும்வரை அதை வைத்திருக்க ஒப்பந்தச் சட்டத்தின் 168-ம் பிரிவு இடம் தருகிறது. அது செலவுக்குத்தான், பவுனில் பங்குக்கு இல்லை. அன்பளிப்பாக ஒன்று கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், எழுதி வாங்குங்கள்.

செப்புக்காசை விற்கலாமா என்றால், 100 வருடம் தாண்டிய காசு சட்டப்படி தொல்பொருள். உங்களுடையதை எப்போதாவது விற்பது வேறு, அதையே வியாபாரமாகச் செய்வதற்கு 1972-ம் வருடத்துத் தொல்பொருள் சட்டத்தில் லைசென்ஸ் தேவை. வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது, துபாயிலிருந்து யார் எவ்வளவு சொன்னாலும் சரி.

கடைசியாக அந்தப் பவளப்பாறை. மன்னார் வளைகுடாக் கரையில் இருந்துகொண்டு இதைத் தெரியாது என்று சொல்ல முடியாது, பவளம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்பு உள்ள பட்டியலில் இருக்கிறது. குப்பையில் கிடந்தது என்ற சமாதானம் அங்கே எடுபடாது. கையில் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் சொல்லியிருக்க வேண்டும். தாமதமானாலும் பரவாயில்லை, நடந்ததை எழுதி, அந்தக் கடிதத்தோடு பவளத்தை வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.