மரக்குற்றிப் பந்தம் ஏன் பத்து நிமிடத்தில் அணைகிறது?

பண்டாரவளைக்கு அருகே வீட்டின் இரண்டு அறைகளை உல்லாசப் பயணிகளுக்கு விடும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "முற்றத்தில் கொளுத்துவதற்காக, மேலே குறுக்கும் நெடுக்குமாகப் பிளந்த யூகலிப்டஸ் குற்றிகள் ஆறு வாங்கினேன். மூன்று மணித்தியாலம் எரியும் என்றார் விற்றவர். பத்து நிமிடத்தில் அணைந்து புகைகிறது. மண்ணெண்ணெய் ஊற்றலாமா? மிச்சத்தை மழைக்காலத்தில் எப்படிப் பாதுகாப்பது?"

ஊற்றாதீர்கள். ஊற்றினால் எரிவது எண்ணெய்தான், மரமல்ல. எண்ணெய் தீர்ந்ததும் மறுபடி அதே புகை. அணைந்துவிட்டதாகத் தோன்றும் குற்றியின் பிளவுக்குள் கனல் கிடக்கும். அதன்மேல் விழும் மண்ணெண்ணெய் ஆவியாகிக் குப்பென்று பற்றும். போத்தலைப் பிடித்திருப்பது உங்கள் கை.

உங்கள் குற்றிகளின் நோய் ஈரம். இந்தப் பந்தத்தில் தீ உச்சியின் நடுவில் பிடித்து உள்ளே இறங்குகிறது. பக்கப் பிளவுகள் காற்றை இழுத்துக் கொடுக்கின்றன. புகைபோக்கியின் வேலையை மரமே செய்துகொள்கிறது. அதற்கு மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். வெட்டிய புதிதில் மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். சூடெல்லாம் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைப்பதிலேயே போய்விட்டால் மரம் எப்படி எரியும்?

இனி விற்றவரைப் பற்றி. ஏப்ரலில் நுவரெலியாவுக்குக் கூட்டம் வரத் தொடங்கியதும் வீதியோரங்களில் திடீர் விறகு வியாபாரிகள் முளைக்கிறார்கள். நேற்று விழுந்த மரம் இன்று "ஒரு வருடம் காய்ந்தது" ஆகிவிடும். சிலர் பிளவில் கழிவு ஒயிலை ஊற்றிக் கொடுக்கிறார்கள். வாங்குபவர் கண்முன்னே ஒன்றைக் கொளுத்திக் காட்டினால் பிரமாதமாக எரியும். பிளவின் உட்பக்கம் கறுத்து, மூக்கருகே கொண்டுபோனால் கராஜ் வாடை அடித்தால் அப்படியே திருப்பிக் கொடுங்கள். அதைவிட மோசம், பழைய ரயில் சிலிப்பர் கட்டையையும் மின்கம்பத்தையும் அறுத்து விற்பது. அவற்றில் ஏற்றியிருக்கும் மருந்து பூச்சியைக் கொல்வதற்கானது. அந்தப் புகையில் உங்கள் விருந்தினர் கோழி வாட்டிச் சாப்பிடக் கூடாது.

ஈரம் பார்க்கக் கருவி தேவையில்லை. மரக்கறிக் கடைத் தராசில் குற்றியை நிறுத்து, எடையைச் சுண்ணக்கட்டியால் அதிலேயே எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து மீண்டும் நிறுங்கள். எடை குறைந்திருந்தால் மரம் இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது. நல்ல வெயில் காலத்தில் எடை அசையாமல் நின்ற பிறகே கொளுத்துங்கள். பிளந்திருப்பதால் முழுக் குற்றியைவிட விரைவில் காயும். ஆனாலும் நம் பனிமூட்டத்தில் மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும்.

வைக்கும் இடம்: கூரைத் தாழ்வாரத்தின் கீழ், செங்கல்மேல் பலகை போட்டு, பிளவுப் பக்கம் காற்றைப் பார்க்க நிறுத்துங்கள். பொலித்தீனால் சுற்றினால் பூஞ்சணம் பிடிக்கும். மண்ணோடு சேர்ந்திருந்தால் கறையான் வரும்.

அடுத்த தடவை நீங்களே செய்துகொள்ளலாமே என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் குற்றியைப் பிளக்கும் செயின் சோ (இயந்திர வாள்) வைத்திருக்க 2019 முதல் பதிவு கட்டாயம். மரத்தை வெட்டவும் ஏற்றவும் அனுமதி வேண்டுமென்றால் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கையெழுத்து, பிரதேச செயலகத்தில் ஒரு கையெழுத்து, அங்கிருந்து வன அலுவலகம். உங்கள் முற்றத்தில் காற்றுக்கு விழுந்த மரத்தைத் தொடுவதற்கு நீங்கள் இப்படி அலையும்போது, இரவில் லொறி நிறைய மரம் இறங்கிப் போகிறது. அதை மறிக்க ஒருவரும் இல்லை. "தோட்டத்து மரம்" என்று மலிவாகத் தந்தால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். தோட்டக் காணியில் நிற்கும் மரத்தை விற்கும் உரிமை லொறிக்காரருக்குக் கிடையாது.

செயின் சோ இல்லாமலேயே செய்யக்கூடிய ஒரு வகை இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு உதவப்போவது அதுதான். கோடரியால் பிளந்த, முழங்கால் உயர விறகுத் துண்டுகள் நான்கை எடுங்கள். பிளந்த முகம் உள்ளே பார்க்க வட்டமாக நிறுத்தி, நடுவில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். அடியில் ஒரு சுற்று, நடுவில் ஒரு சுற்று கம்பியால் இறுக்குங்கள். கொங்கிரீட் வேலைக்குக் கம்பி கட்டும் கறுப்புக் கட்டுக்கம்பி போதும். நாகம் (துத்தநாகம்) பூசிய வெள்ளைக் கம்பி வேண்டாம். சூட்டில் அந்தப் பூச்சு புகையும். நடு இடைவெளியில் மேலிருந்து காய்ந்த மிலாறை, அதாவது சுள்ளிகளை, செருகுங்கள். செடியைக் கவ்வாத்து வெட்டிய பின் தோட்டத்தில் கிடைக்கும் பழைய தேயிலை மிலாறு தீ பிடிக்க வல்லது. கனலும் நின்று எரியும். உச்சியில் கொளுத்துங்கள், அடியில் அல்ல. துண்டுகள் மெலிதாக இருப்பதால் முழுக் குற்றியை விட வெகு சீக்கிரம் காயும்; சற்று ஈரம் மிச்சமிருந்தாலும் மிலாறின் சூடு சமாளித்துவிடும். முழுக் குற்றிக்கு இந்தச் சலுகை கிடையாது.

நிறுத்தும் இடம் கூரையிலிருந்தும் மானாப்புல்லிலிருந்தும் விலகிய வெறும் மண். சீமெந்துத் தரை சூட்டில் வெடித்துத் தெறிக்கும். ஊவாப் பக்கம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வரண்ட காற்று அடிக்கும்போது கொளுத்தவே வேண்டாம். அந்த மாதங்களில் மலைச்சரிவுகள் எரிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மழை பெய்கிறது, குளிர்கிறது என்று மிச்சக் கனலை அறைக்குள் கொண்டுபோகவும் கூடாது. மூடிய அறையில் கரிப்புகை, உறங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

எரிந்து முடிந்த அடிக்கட்டை அணைந்ததுபோல் தெரியும். உள்ளே விடியும்வரை கனன்றுகொண்டிருக்கும். கம்பால் கிளறி, பிளவுக்குள் தண்ணீர் விட்டு, மீண்டும் கிளறுங்கள். மறுநாள் கை வைத்தால் குளிர வேண்டும். கரிந்த அடிக்கட்டையைக் காயவைத்து வைத்துக்கொண்டால் அடுத்த பந்தத்துக்கு நல்ல கொள்ளி. ஆறிய சாம்பலைக் கோவா, லீக்ஸ் பாத்திகளில் அளவாகத் தூவலாம். தேயிலைச் செடியடியில் கொட்டிவிடாதீர்கள். அதற்குப் புளிப்பு மண்தான் வேண்டும், சாம்பல் அந்தப் புளிப்பை முறிக்கும்.